விறகோடை வந்த செடி

போன கிழமை கொழும்பிலையிருந்து வந்த மருமகள், எங்கடை கிணத்தடி வேப்பமரத்திலை தொங்குற செடிக்கு முன்னாலை தன்ரை போனைப் பிடிச்சாள். ஒரு படம்தான் எடுத்தது. கண் மூடித் திறக்க முந்திப் போன் பேரைச் சொல்லிப் போட்டுது. "மாமி, இது ஓர்க்கிட். வண்டா எண்ட இனமாம். காட்டு மரங்களிலை தன்பாட்டிலை வளருமாம்" எண்டு வாசிச்சாள். பேந்து பராமரிக்கிற விதத்தையும் வாசிச்சாள். மண்ணிலை நடக்கூடாது, எரு போடக்கூடாது, வேர் காய்ஞ்சாப்பிறகுதான் தண்ணி, காத்தும் அரை வெயிலும் வேணும்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உந்தப் பாடத்தை என்ரை அம்மா ஒரு மாரி முழுக்கப் பிழை விட்டு விட்டுத்தான் படிச்சவ. என்ரை வயசுக்காரருக்கு இது விளங்கும். பேர் தெரியாத சாமானோடை சீவிச்ச ஆக்கள் நாங்கள். தெரியாட்டில் எங்கடை மனசிலை கிடந்த பேரை அதுக்கு வச்சுப்போடுவம். எங்கடை வீட்டிலையும் அதுதான் நடந்தது, அதாலை வந்த வில்லங்கமும் கொஞ்சமில்லை.

அப்ப எனக்கு எட்டோ ஒன்பதோ வயசு. தெல்லிப்பழையிலை வீடு. அப்பா பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்சவர். வீட்டிலையும் வாத்தியார்தான். ஒண்டைச் சொன்னால் நிறுவிக் காட்டவேணும், இல்லாட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும். அம்மா கதை குறைவு. நானும் அக்காவும் பிள்ளையள். அப்பான்ரை தம்பியார், எங்கடை சித்தப்பா, எங்களோடைதான் இருந்தவர்.

அம்மா கலியாணம் முடிச்சு அந்த வீட்டுக்கு வரேக்கை சித்தப்பா களிசான் போட்ட சின்னப் பெடியனாம். தாயில்லாத பிள்ளை. அம்மாதான் தலைக்கு எண்ணெய் வச்சு, சோறு குழைச்சுக் குடுத்து வளர்த்தவ. எங்கடை பக்கம் அண்ணன்ரை பெண்சாதியை மச்சாள் எண்டுதான் கூப்பிடுறது. சித்தப்பாவும் அப்பிடித்தான் கூப்பிடுவார். எண்டாலும் பசிக்கேக்கை அவர் "மச்சாள்" எண்டு குசினிப் பக்கம் வாற தொனி, நாங்கள் "அம்மா" எண்டு வாற தொனிதான்.

படிப்பு முடிஞ்சும் அவருக்கு வேலை ஒண்டும் சரிவரேல்லை. அதுக்காகச் சும்மா இருந்தவர் எண்டு சொல்லேலாது. விறகு கொத்துவார், தண்ணி அள்ளுவார், எங்களைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்திலை விடுவார். செடி கொடி விசயத்திலை மட்டும் ஆள் சுத்த மோசம். அம்மா ஆசையா வச்ச கனகாம்பரக் கண்டுகளைப் புல்லு எண்டு செதுக்கி வேலிக்கு வெளியிலை எறிஞ்ச ஆள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி நக்கலடிப்பா. இதோடை எந்த நேரமும் விசில். அந்த விசில்தான் அப்பாக்கு ஆகாது. வேலையில்லாதவனுக்கு விசில் எதுக்கு எண்டு முகத்துக்கு நேரை கேப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவோடை படிப்பிக்கிற வாத்திமார் ரண்டு பேர் சாப்பிட வந்தவை. "தம்பியார் இப்ப என்ன செய்யிறார்?" எண்டு ஒராள் கேட்டார். சும்மா கேட்ட கேள்வி. அப்பா சோத்திலை கையை வச்சபடி, "என்ரை மரத்திலை அவன் ஒரு குருவிச்சை" எண்டார்.

குருவிச்சை உங்களுக்குத் தெரியும்தானே. குருவியின்ரை எச்சத்தோடை வந்து மாமரத்திலை ஒட்டி, கொப்புக்குள்ளை வேரை விட்டு, மரத்தின்ரை சாரத்தைக் குடிச்சுக் கொழுக்கிற சனியன். மாமரம் நிக்கிற வளவுக்காரர் எல்லாருக்கும் அது எதிரி. அப்பா வருசா வருசம் கொக்கத்தடியாலை இழுத்து அறுத்து விழுத்துவார். அந்தச் சொல்லைத்தான் கூடப் பிறந்தவனுக்குச் சொன்னவர்.

வந்த ஆக்கள் சிரிச்சினம். சித்தப்பாவும் சிரிச்சார். அந்தச் சிரிப்பு இப்பவும் எனக்குக் கண்ணுக்குள்ளை நிக்குது. சிரிச்சுப்போட்டு எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். நீலக்கரை போட்ட அவற்றை சோத்துக் கோப்பையிலை பாதிச் சோறு அப்பிடியே கிடந்தது.

அடுத்த நாள் விடியவே பஸ் எடுத்துப் போயிட்டார். படிச்ச பெடியளுக்கு வன்னியிலை காடு வெட்டிக் காணி குடுத்த காலம் அது. மிளகாய் போடப் போறன் எண்டு அம்மாக்கு மட்டும் சொன்னவராம். அப்பா அதைக் கேட்டுப்போட்டு, "போகட்டும். வந்து மன்னிப்புக் கேட்டால்தான் இனி இந்தப் படலை திறக்கும்" எண்டார். ஆர் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது எண்டு அம்மா கேக்கேல்லை. கோப்பையைக் கழுவித் துடைச்சு அலுமாரிக்கு மேலை கவிட்டு வச்சா.

"இதிலை வேறை ஒருத்தரும் சாப்பிடக்கூடாது" எண்டு எனக்கும் அக்காவுக்கும் சொன்னா. "வாற வருஷப்பிறப்புக்கு அவன் வந்து இதிலைதான் சாப்பிடவேணும்." அந்த மாரியிலை அம்மாக்கு இருந்த ஆசை அது ஒண்டுதான். சீலை கேக்கேல்லை, கோயில் திருவிழா கேக்கேல்லை. அந்தக் கோப்பைக்கு ஆள் வரவேணும், அவ்வளவுதான்.

மாரிக்கு முந்தி விறகு வாங்கி அடுக்கிப்போடுறது எல்லா வீட்டு வழக்கம். மழை தொடங்கினால் வன்னி லொறி வராது, வந்தாலும் ஈர விறகுதான். எங்கடை வீட்டிலை அது சித்தப்பான்ரை பொறுப்பு. இந்த முறை என்ன செய்யிறது எண்டு அம்மா யோசிச்சுக்கொண்டிருக்கேக்கை ஒரு லொறி வந்து படலையடியிலை நிண்டுது.

"உங்கடை தம்பியார் தன்ரை காணியிலை வெட்டின மரம். இஞ்சை இறக்கச் சொன்னவர்" எண்டார் லொறிக்காரர்.

வீரை மரமும் பாலை மரமும். நல்ல முத்தின கட்டைகள். வெட்டின வாயிலை பால் காய்ஞ்சு போய் ஒரு புளிச்ச மணம். அம்மா ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பாத்து அடுக்கினா. அந்தக் கட்டைகளுக்குள்ளை ஒரு பாலைக் கட்டையிலைதான் இந்தச் செடி இருந்தது. தடிச்ச நீட்டு இலை, லொறியிலை நசிஞ்சு பாதி முறிஞ்சு போய்க் கிடந்தது. வேர் சாம்பல் நிறம், என்ரை சுண்டுவிரல் தடிப்பு. கட்டையை இறுக்கிக் கவ்விப் பிடிச்சிருந்தது.

அப்பா பள்ளிக்கூடத்தாலை வந்து சைக்கிளைச் சாத்தினவர், அதைக் கண்டிட்டார். முகம் சிவந்து போச்சுது.

"இஞ்சாரும், பாத்தீரோ இவன்ரை திறத்தை? விறகோடை குருவிச்சையும் அனுப்பியிருக்கிறான். நான் சொன்ன சொல்லுக்கு மறுமொழி குடுக்கிறாராம்."

"இலை வேறை மாதிரிக் கிடக்குதெல்லே" எண்டா அம்மா.

"வன்னிக் குருவிச்சை உப்பிடித்தான் இருக்கும். வேரைப் பாரும், எப்பிடிப் பிடிச்சிருக்கு எண்டு. உதை முதல் அடுப்பிலை வையும்."

வன்னிக் குருவிச்சையை அப்பா முன்னைப் பின்னை கண்டதே இல்லை. கோவம் வந்தால் அவருக்கு நிறுவல் தேவையில்லை.

அம்மா "ஓம்" எண்டு சொல்லிக் கட்டையைக் குசினிக்குப் பின்னாலை கொண்டு போனா. எரிக்கேல்லை. விறகு எடுத்துக் குடுக்கிறது என்ரை வேலை. நான் அதிலை கை வச்சால், "அது ஈரம் பிள்ளை, மற்றதை எடு" எண்டுவா. அது நல்லாக் காய்ஞ்ச கட்டை எண்டு எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

பக்கத்து வளவு மாமி ஒரு நாள் எட்டிப் பாத்துப்போட்டு, "ஐயோ பாவம், மண்ணில்லாமல் உது என்னெண்டு சீவிக்கும்?" எண்டா. எங்கடை ஆக்களின்ரை கைப்பழக்கம் உங்களுக்குத் தெரியாததே. வெங்காயமும் புகையிலையும் வளர்த்த கை. கண்டு ஒண்டைக் கண்டால் செம்மண், ஆட்டெரு, காலமை தண்ணி, பின்னேரம் தண்ணி. அம்மாவும் செடியைக் கட்டையிலையிருந்து மெல்லக் கிளப்பி, பழைய எண்ணெய்த் தகரத்திலை மண்ணும் எருவும் போட்டு நட்டா. விடாமல் தண்ணி ஊத்தினா. ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துற மாதிரித்தான்.

இலை மஞ்சளாப் போச்சுது. அடியிலை ஒரு கெட்ட மணம். அம்மா கிளப்பிப் பாத்தா, வேர் பாதி கறுத்து அழுகிப் போய்க் கையோடை வந்திட்டுது. தகரத்துக்குப் பக்கத்திலை அப்பிடியே குந்தியிருந்து அழுதா. செடிக்கு அழுறா எண்டுதான் நான் நினைச்சன். இப்ப யோசிச்சால், சோறு போட்டு வளர்த்த ஒண்டு தன்ரை கையாலை கெட்டுப் போகுது எண்டு அழுதிருப்பா.

அழுது முடிச்சு முகத்தைத் துடைச்சுக்கொண்டு எழும்பினா. அழுகினதை வெட்டி எறிஞ்சா. மிச்சத்தை நல்லாக் கழுவி, அதே பாலைக் கட்டையிலை பழைய சீலைக் கிழிசலாலை சுத்திக் கட்டி, கிணத்தடி வேம்பிலை தொங்கவிட்டா. "இனி நான் ஒண்டும் செய்யமாட்டன். உன்ரை பாடு" எண்டு அதுக்குச் சொன்னா.

அப்பா குளிக்க வரேக்கை கண்டார். "இன்னும் எரிக்கேல்லையோ?"

"காயட்டும் எண்டு தூக்கியிருக்கிறன். காய்ஞ்சாப்பிறகு எரிக்கிறன்."

விறகு காயவேணும் எண்டதிலை அப்பாக்கு மறுப்பில்லை. மழைக்குள்ளை ஆராவது விறகு காயப்போடுவினமோ எண்டு மனுசன் யோசிக்கவுமில்லை.

அதுக்குள்ளை அப்பான்ரை முழங்காலுக்கு எண்ணெய் கொண்டு வந்த பரியாரியார் அதைக் கண்டிட்டார். "உது வாதத்துக்கு நல்லது. வேரை இடிச்சுப் போட்டுக் காய்ச்சினால் நோ பறந்து போகும்" எண்டார். "அப்ப கொண்டு போங்கோ, தொல்லை விட்டுது" எண்டு அப்பா கட்டையைக் கழட்டப் போனார்.

அம்மா குசினி வாசலிலை நிண்டபடி, "பரியாரியார், கறையானுக்கு எண்டு போன கிழமைதான் உதுக்கு மருந்தடிச்சனான். பிறகு ஆருக்கும் ஏதும் நடந்தால் எங்களைச் சொல்லக்கூடாது" எண்டா. பரியாரியார் கையைப் பின்னுக்கு எடுத்திட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். முகத்திலை ஒரு மாற்றமும் இல்லை.

அந்த முறை மாரி நல்லா அடிச்சுது. கிணறு முட்ட நிறைஞ்சுது. கொடியிலை போட்ட உடுப்பு நாள்க்கணக்கிலை காயாமல் பூஞ்சண மணம் மணத்துது. வன்னி விறகு புகையாமல் எரிஞ்சு எங்களுக்குச் சோறு அவிச்சுது. அப்பா அந்தச் சோத்தை ருசிச்சுச் சாப்பிட்டார், ஆரின்ரை விறகு எண்டு ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. நானும் அக்காவும் மழை விட்ட நேரத்திலை செடியைப் போய்ப் பாப்பம். சாம்பல் நிற வேர் மழை பட்டவுடனை பச்சையா மாறும், காய்ஞ்சால் திரும்பச் சாம்பல். எங்களுக்கு அது பெரிய விளையாட்டு. கொஞ்ச நாளிலை வேர் நுனியிலை புதுசா ஒரு பச்சை முனை வந்தது, வெங்காயம் முளைக்கிற மாதிரி.

மழைக்குள்ளை ஒரு நாள் லொறிக்காரர் இந்தப் பக்கம் வந்தவர், சித்தப்பாக்குச் சரியான மலேரியாக் காய்ச்சல், கொட்டிலுக்குள்ளை தனியக் கிடக்கிறார் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். அம்மா உடனை சீலை மாத்திக்கொண்டு வந்து நிண்டா. "நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"ஒருத்தரும் போகத் தேவையில்லை" எண்டார் அப்பா. "குருவிச்சை அனுப்பத் தெரிஞ்சவனுக்குக் காய்ச்சலைப் பாக்கவும் தெரியும்."

அம்மா திரும்பிப் போய்ப் பழைய சீலையைக் கட்டினா. அண்டைக்கு அவ ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. எனக்கு அப்பாவிலை பொல்லாத கோவம். நாள் முழுக்க அவரோடை கதைக்கேல்லை. அவர் அதைக் கவனிக்கேல்லை எண்டது வேறை கதை. காய்ச்சல் விட்டிட்டுதாம் எண்டு பிறகு சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அண்டைக்குத்தான் வடிவா ஒரு பிடி சோறு சாப்பிட்டா.

தை பிறந்து மழையும் விட, அப்பா கொக்கத்தடியோடை மாமரத்துக்குக் கீழை நிண்டு குருவிச்சை அறுத்தார். விழுந்த கொப்புகளுக்குள்ளை ஒண்டை அம்மா எடுத்துக்கொண்டு போய், வேம்பிலை எங்கடை கட்டைக்குப் பக்கத்திலை கட்டித் தொங்கவிட்டா.

"உதேன் உதிலை?" எண்டு அப்பா கேட்டார்.

"சும்மாதான்."

குருவிச்சை கெதியா வாடிப்போச்சுது. இலை சுருண்டு கறுத்துக் கொட்டுண்டு, தடிதான் மிச்சம். பக்கத்திலை மற்றது புது இலை விட்டுக்கொண்டு பச்சைப் பசேலெண்டு நிண்டுது. அப்பா குளிக்க வாற நேரமெல்லாம் ரண்டும் அவற்றை கண்ணுக்கு முன்னாலை. ஒரு நாள் வாளியைக் கையிலை வச்சபடி அப்பிடியே நிண்டார். அம்மா கல்லிலை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டிருந்தவ, தலை நிமிராமலே சொன்னா.

"குருவிச்சை எண்டால் மரத்தை விட்டால் சாகும். இது செத்த விறகு, இதிலை குடிக்கிறதுக்கு என்ன கிடக்கு? மழையையும் காத்தையும் குடிச்சுத்தான் இருந்திருக்கு. மரத்திலை இருந்ததுதான், மரத்தைத் தின்னேல்லை."

அப்பா வாளியைக் கிணத்துக்குள்ளை விட்டார். நிறுவலிலை பிழை பிடிக்கேலாட்டில் அவர் அப்பிடித்தான். அண்டைக்குத் தலையிலை கனக்கத் தண்ணி ஊத்தினார்.

பங்குனியிலை ஒரு தண்டு நீண்டு வந்து மொட்டு வச்சுது. பேந்து பூத்துது. வெளிறின மஞ்சளிலை கபிலக் கட்டம் போட்ட இதழ், நடுவிலை கத்தரிப்பூ நிறத்திலை ஒரு சின்ன நாக்கு. கிணத்தடி முழுக்க மணம். தோச்ச உடுப்பிலையும் அந்த மணம் ஏறிச்சுது. ஊரிலை ஒருத்தரும் அப்பிடி ஒரு பூவைக் காணேல்லை. பக்கத்து வளவு மாமி எருவாலைதான் பூத்தது எண்டு கடைசி மட்டும் சொல்லிக்கொண்டு திரிஞ்சா.

அப்பா கதிரையை வேம்புக்குக் கீழை கொண்டு வந்து போட்டு இருந்தார். கன நேரத்துக்குப் பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், பிழை என்னிலைதான். அவன் குருவிச்சை அனுப்பேல்லை. தெரிஞ்சுதான் இதைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறான். அண்ணை, நான் உங்களிலை இருந்தனான், உங்களைத் தின்னேல்லை எண்டு சொல்லியிருக்கிறான். எனக்குத்தான் விளங்கேல்லை." குரல் உடைஞ்சு போச்சுது. அப்பான்ரை குரல் உடைஞ்சு நாங்கள் முந்தி ஒருக்காலும் கேட்டதில்லை.

அம்மா பூவைப் பாத்துக்கொண்டு, "இருக்கும்" எண்டா.

அண்டு பின்னேரமே அப்பா சைக்கிளிலை விறகு லொறியள் நிக்கிற சந்திக்குப் போனார். தம்பியை வருஷப்பிறப்புக்கு வரச் சொல்லி லொறிக்காரரிட்டைச் சொல்லிப்போட்டு வந்தார். வேறை ஒரு சொல்லும் சொல்லி விடேல்லை. அம்மா அலுமாரிக்கு மேலையிருந்து கோப்பையை இறக்கிச் சாம்பல் போட்டு மினுக்கினா.

வருஷப்பிறப்பு அண்டைக்குக் கோயிலிலையிருந்து வந்த, மஞ்சளும் மூலிகையும் போட்டுக் காய்ச்சின மருத்துநீரை அப்பா செம்பிலை வச்சுக்கொண்டு முத்தத்திலை நிண்டார். வீட்டுக்கு மூத்த ஆள்தான் எல்லாற்றை தலையிலும் அதைத் தேச்சு விடுறது, பிறகுதான் முழுக்கு. அக்காக்கு வச்சார், எனக்கு வச்சார், அம்மாக்கு வச்சார். செம்பிலை கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தார். படலை சத்தம் கேட்டுது. சித்தப்பா கறுத்து, மெலிஞ்சு, ஒரு பை செத்தல் மிளகாயோடை படலையிலை நிண்டார். உள்ளுக்கு வரலாமோ எண்டு தெரியாத நிலை.

"வா. தலையைக் குனி" எண்டார் அப்பா.

சித்தப்பா பையை அந்த இடத்திலையே வச்சுப்போட்டு வந்து குனிஞ்சார். அப்பா மருத்துநீரை அவற்றை உச்சியிலை வச்சுத் தேய் தேய் எண்டு தேய்ச்சார். கை எடுக்க மனமில்லாமல் தேய்ச்சார். மஞ்சள் தண்ணி சித்தப்பான்ரை முகத்தாலை வழிஞ்சுது. அம்மா சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா.

குளிச்சு முடிய அப்பா அவரைக் கையிலை பிடிச்சு வேம்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நான் சொன்ன சொல்லுக்கு நீ நல்ல மறுமொழி அனுப்பினாய். பார், எப்பிடிப் பூத்திருக்கு எண்டு."

சித்தப்பா பூவைப் பாத்தார். அப்பாவைப் பாத்தார். முகத்திலை ஒண்டும் இல்லை, வெறுமை. இந்தாளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு எனக்கே விளங்கிட்டுது. அப்பாக்குப் பின்னாலை நிண்ட அம்மா, சித்தப்பாவைப் பாத்து மெல்லத் தலையை ஆட்டினா.

"ஓம் அண்ணை" எண்டார் சித்தப்பா. "பூக்கும் எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினனான்."

அப்பா தோளிலை கிடந்த துவாயாலை கண்ணைத் துடைச்சார்.

பிறகு குசினியிலை, சித்தப்பா நிலத்திலை சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். நீலக்கரைக் கோப்பையிலை அம்மா சோறு போட்டா. நான் பக்கத்திலை இருந்தன். சித்தப்பா குரலைத் தணிச்சார்.

"மச்சாள், சத்தியமா எனக்கு உதைத் தெரியாது. கட்டையிலை ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நான் விறகுதான் அனுப்பினனான்."

"தெரியும் தம்பி. கனகாம்பரத்தைப் புல்லு எண்டு செதுக்கின ஆள், நீ பூத் தேடி அனுப்புவியோ? எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பின்னை ஏன் அண்ணையிட்டைச் சொல்லேல்லை?"

"கட்டையைப் பாத்துக் கோவிச்ச மனுசன், கட்டையைப் பாத்துத்தான் ஆறவேணும். நான் சொல்லி ஆறுற ஆளே அவர்? நீ சாப்பிடு." இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டா. சித்தப்பா மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

அப்பா சாகுமட்டும் வீட்டுக்கு வாற போற ஆக்களுக்கெல்லாம், "இது என்ரை தம்பி எனக்கு அனுப்பினது" எண்டு காட்டுவார். சித்தப்பாவும் போகப் போக அதை நம்பிட்டார். தன்ரை கலியாண வீட்டிலை, பாலை மரத்திலை தான் ஏறின கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பலகாரத் தட்டோடை அதிலை நிண்டவ, திருத்தேல்லை.

நான் கரவெட்டிக்குக் கலியாணம் முடிச்சு வரேக்கை அம்மா அதிலை ஒரு துண்டை வேரோடை வெட்டித் தந்தவ. தாய்ச்செடி தெல்லிப்பழை வீட்டோடை போச்சுது. யுத்தத்துக்கை வீடும் போய், வேம்பும் போய், அந்தக் கோப்பையும் எங்கை எண்டு தெரியாது. இந்தத் துண்டு மட்டும் இஞ்சை கரவெட்டிக் கிணத்தடியிலை வருசா வருசம் பூக்குது. நான் ஒண்டும் செய்யிறேல்லை.

மருமகள் போனிலை எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சுப்போட்டு, "இதை ஆர் மாமி முதல் கொண்டு வந்தது? அது இதிலை போடேல்லை" எண்டு சிரிச்சாள்.

"எங்கடை சித்தப்பா" எண்டன். "அப்பாக்கு எண்டு தேடி எடுத்து அனுப்பினவர்."